மாஸ்டர் எங்கே போனார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணியைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறவன். 1994 முதல் 1997 வரை பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், தனி ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். மூன்று பேருக்கு ஓர் அறை, அதில் இரண்டு கட்டில். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அங்கே நடந்தேன். நான் சாப்பிட்ட மெஸ் இல்லை. 12 ரூபாய் டோக்கனுக்கு வத்தக்குழம்பை மூன்றாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றிய மெஸ் அது. சாயங்காலம் வடை தின்ற ஓட்டலில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஸ்டார் தியேட்டரும் இல்லை. எங்கே திரும்பினாலும் மோமோ, ஷவர்மா, ஒரே மாதிரி போர்டு வைத்த டீக்கடைகள். ஊரே செத்துவிட்டது போலிருந்தது. நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள். உங்கள் எழுத்தில் இந்த வருத்தம் தென்படவே இல்லையே, ஏன்?

கோவையிலிருந்து ஒரு பழைய மேன்ஷன்வாசி

அன்புள்ள நண்பருக்கு,

வருத்தம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்துவிட்டு ஊர் செத்துவிட்டது என்கிறீர்களே. அன்றைக்கு மேன்ஷன்காரர்கள் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள். 1995-ல் நீங்களும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் மெஸ் எது என்று ஊகிக்க முடிகிறது. மாடிப்படிக்குக் கீழே கை கழுவும் தொட்டி, கடப்பா கல் மேசை, சுவரில் 'சாப்பிடும்போது பேப்பர் படிக்க வேண்டாம்' என்ற எழுத்து. அதுதான் என்றால், அது 2020 மார்ச்சில் மூடியது. ஊரடங்கு அறிவித்ததும் மேன்ஷன்கள் காலியாயின, பையன்கள் கிடைத்த வண்டியில் ஊருக்குப் போய்விட்டார்கள். நான்கைந்து மாதம் கழித்து வேறு மெஸ்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இது திறக்கவில்லை.

சோறு சரியில்லாமல் மூடிய கடை இல்லை அது. மாதம் பிறந்ததும் டோக்கன் புத்தகத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டுவீர்களே, நினைவிருக்கிறதா? மெஸ்காரருக்கு அதுதான் கைமுதல். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் அரிசி மூட்டையும் பருப்பும் வாங்குவார். அதாவது உங்கள் காசில் சமைத்து உங்களுக்கே போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வந்த பையன்கள் மாதக் கணக்கு வைப்பதை விட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சாப்பாடு, நாளைக்குப் பிரியாணி, மறுநாள் போனில் ஆர்டர். ஊரடங்குக்கு முன்பே அந்த முன்பணம் பாதியாகிவிட்டது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அறுபது தாண்டியவர், மகன் கணினி வேலையில். புதிதாகக் கடன் வாங்கி யாருக்காகத் திறப்பார்?

மேன்ஷனில் இருப்பவர்களும் மாறிவிட்டார்கள். உங்கள் காலத்தில் வேலை தேடி வந்தவர்களும், வேலை கிடைத்துக் கல்யாணம் ஆகாதவர்களும். இப்போது பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். மீதியில் ஒரு பங்கு நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள். 2014-ல் ஓமந்தூரார் தோட்டத்தில் பல்நோக்கு மருத்துவமனை வந்தது. கோஷா ஆஸ்பத்திரி, அதாவது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை, எப்போதும் இருப்பது. துணைக்கு வருகிறவர் நான்கு நாள் தங்குவார், ஒரு வாரம் தங்குவார். அவருக்கு வத்தக்குழம்பு எதற்கு? காலை ஆறு மணிக்கு இரண்டு இட்லி பார்சலும், பிளாஸ்க்கில் வெந்நீரும், நோயாளிக்குக் கஞ்சியும் வேண்டும். அவற்றை விற்கும் கடைகள் முளைத்திருக்கின்றன. அகலம் ஆறடிகூட இருக்காது, உட்கார இடம் கிடையாது. நீங்கள் அவற்றைப் பார்த்திருப்பீர்கள், சாப்பாட்டுக் கடை என்று கணக்கில் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

வடை ஓட்டலின் கதை வேறு. அது வாடகையால் போனது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில், அப்பா காலத்து வாடகையில், வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்த கடைகள் இந்தப் பேட்டையில் ஏராளம். 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் வீட்டுக்காரர் தரப்பில் ஆறு வாரிசுகள் என்று தெரிந்தது. ஒருவர் அமெரிக்காவில். ஆறு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் ஓட்டல் காலி செய்ய வேண்டும் என்பதுதான். வீட்டுக்காரர்மேல் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் கட்டாத வாடகை அது. செல்போன் கவர் விற்பவர் கொடுக்கும் அட்வான்ஸை, வடை விற்று எத்தனை வருடத்தில் சேர்ப்பது?

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வடை மாஸ்டர் எங்கே போனார்?

கடை மூடி ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஜாம் பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி. மழை வருகிற மாதிரி இருந்தது, இரண்டு மெதுவடை கேட்டேன். கிழித்த செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தார்கள். பிட்டு வாயில் போட்டதும் நின்றுவிட்டேன். ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சுண்டுவிரல் நக அளவில் நறுக்கிய தேங்காய்ப் பல், வெங்காயம் கிடையாது. வடையைத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை நடுவில் இல்லை, கொஞ்சம் ஒதுங்கி இருந்தது. அந்த ஓட்டலில் இருபது வருடம் தின்ற வடையில் ஓட்டை அப்படித்தான் இருக்கும். இடது கட்டைவிரலால் குத்துகிறவர் அவர்.

வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு, கையை நனைத்து நனைத்து மாவை உருட்டிக்கொண்டிருந்தார். சட்டியின் ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே நடுவுக்கு வருவார், முதலில் போட்டது சிவக்கும்போது கடைசி வடை எண்ணெய்க்குள் இறங்கும். ஓட்டலில் இவரை நான் பார்த்ததே இல்லை. அங்கே அவர் சுவருக்குப் பின்னால் இருந்தார், சப்ளையர் ஜன்னலில் குரல் கொடுப்பார், தட்டு வரும், அவ்வளவுதான்.

"மாஸ்டர், நீங்க அந்த ஓட்டல்ல..."

"ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வடையப் பாத்துத்தான்."

சிரித்தார். "மூடுனதும் ஒரு கல்யாண காண்ட்ராக்டர்கிட்ட போனேன். அங்க ஆயிரம் வடைன்னா ஆயிரமும் ஒரே நேரத்துல சுட்டு அடுக்கிடணும். பந்திக்குப் போறப்ப ஆறிப்போயிருக்கும். நமக்கு ஒத்துவரல." வண்டி அவருடையது இல்லை, நாளுக்கு இவ்வளவு பேட்டா என்று பேச்சு. ஓட்டலில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைக்கிறதாம். ஒரு குறை, மாவு. கிரைண்டர் முதலாளி வீட்டில் ஓடுகிறது, அந்த அம்மா தண்ணீர் கொஞ்சம் தாராளமாக விட்டுவிடுகிறார். "உளுந்து மாவைக் கிள்ளித் தண்ணியில போட்டா மெதக்கணும் சார். இது மெதக்குது, ஆனா கரையுது."

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஏதாவது கடை மூடினால் போர்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. உள்ளே நின்றவர் எங்கே போனார் என்று விசாரிப்பேன். காபி போட்டவர் ஒருவரை ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு கேன்டீனில் பிடித்தேன். ஒரு புரோட்டா மாஸ்டர் சொந்தமாகக் கடை வைத்து, நஷ்டப்பட்டு, மறுபடி மாஸ்டராகவே எல்லிஸ் ரோடு பக்கம் நிற்கிறார். ஆளுக்குப் பின்னால் போனால் பேட்டையின் வரைபடமே வேறு மாதிரி தெரிகிறது. இதற்கு நேர் எதிராக, போர்டு மாறாத ஓட்டல் ஒன்றும் உண்டு. அதே பெயர், அதே பச்சை நாற்காலி, கல்லாவுக்கு மேல் அதே சாமி படம். உள்ளே மாஸ்டர் மாறி மூன்று வருடம் ஆகிறது. சாம்பாரில் புளிக்குப் பதில் தக்காளிதான் நிற்கிறது. உங்களைப் போன்றவர்கள் ஊரிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்து, அப்படியே இருக்கிறது என்று கண்கலங்கிவிட்டுப் போகிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மோமோ பற்றி. அந்தக் கோபத்தில் எனக்குப் பங்கில்லை. சாம்பார் இட்லிக்கு நாம் பெருமை பேசும் ரத்னா கபே 1948-ல் ஆரம்பித்தது, ஆரம்பித்தவர் மதுராவிலிருந்து வந்தவர். இட்லி முங்கிப் போகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுவதை நமக்குப் பழக்கியது வடக்கத்தியர் ஒருவருடைய கடை. சேப்பாக்கத்தில் மீன் வறுவலுக்கு வரிசை நிற்கும் நாயர் மெஸ் 1961-ல் வந்தது, பெயரே எந்த ஊர் என்று சொல்லிவிடும். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, ஒண்டிக்கொள்ள இடம் பிடித்து, தன் கைக்குத் தெரிந்ததை விற்பதுதான் இந்தப் பேட்டையின் பழக்கம். மோமோ கடைப் பையன்கள் இருவரும் டார்ஜிலிங் பக்கத்தவர்கள், நீங்கள் இருந்தது போலவே மூன்று பேர் அறையில் இருக்கிறார்கள். அந்தச் சிவப்புச் சட்னியை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், நம் ஊர் பூண்டு மிளகாய்ச் சட்னிக்குத் தங்கை. ஷவர்மாவுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மயோனைஸ் என்ற வஸ்துவின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு நான்காவது கட்டடத்தில் ஒரு ஒற்றைக் கடை இருக்கிறது. நீங்கள் இருந்த காலத்தில் அது வெளியூருக்குப் போன் பேசும் எஸ்டிடி பூத், இரவில் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்றவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். பிறகு ஜெராக்ஸ். பிறகு பிரவுசிங் சென்டர், பலகைத் தடுப்புப் போட்டு நான்கு கம்ப்யூட்டர். பிறகு ரீசார்ஜ். பிறகு அரைப் பிளேட் பிரியாணி. 2020-ல் சில மாதம் முகக்கவசம், சானிடைசர். இப்போது நீங்கள் சொன்ன ஒரே மாதிரி போர்டு டீக்கடைகளில் ஒன்று. இத்தனை பேர் வந்தும் ஷட்டரை யாரும் மாற்றவில்லை. இரவு பாதி இறக்கும்போது உள்பக்கம் கவனித்தால், சாம்பல் நிறப் பெயின்ட் உரிந்த இடத்தில் மஞ்சளும், அதில் கறுப்பாக 'ஐ.எஸ்.டி.' என்ற எழுத்தில் பாதியும் தெரியும். டீ நன்றாகவே இருக்கிறது. சர்க்கரை கம்மி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாயசம்தான்.

ஸ்டார் தியேட்டருக்கு என்னிடம் பதில் இல்லை. அது போனது போனதுதான். அங்கே இடைவேளையில் விற்ற சமோசாவைச் சுட்டவரை யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள், தேடுகிறேன்.

உங்கள் வத்தக்குழம்பு விஷயத்தில் துப்புக் கிடைத்திருக்கிறது, ஆனால் பாதிதான். அந்த மெஸ்ஸில் சமைத்தவர் ஊரடங்கில் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. அவருக்குக் கையாளாக இருந்தவர் இங்கேதான், பாரதி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், மதியம் மட்டும் சாப்பாடு போடுகிறார். இருபது பேருக்குத்தான் இலை. வத்தக்குழம்பு வியாழக்கிழமை மட்டும். நான் போன வாரம் சாப்பிட்டேன். சுண்டக்காய் வத்தலை நல்லெண்ணெயில் கறுக்க விடாமல் எடுத்திருந்தார், ஆனால் புளி சற்றுத் தூக்கல். அந்தப் பழைய குழம்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நான் அங்கே மாதக் கணக்கில் சாப்பிட்டவன் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வியாழக்கிழமை வாருங்கள். பன்னிரண்டரைக்கு முன்னால் மாடியில் இருக்க வேண்டும். சாயங்காலம் வடை வண்டிக்குப் போகலாம், ஐந்தரைக்கு எண்ணெய் வைப்பார்கள், ஏழு மணிக்கு மாவு தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது.