ரயில் நிறுத்தமா, நிதி மசோதாவா?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.பி. பட்ஜெட் கூட்டத்தொடரில் வரி, செஸ், அரசின் கடன் என்று நீளமாகப் பேசினாராம். பேசி என்ன ஆகப் போகிறது? ஆளுங்கட்சி நினைத்ததுதானே நிறைவேறும்? அந்த நேரத்தில் தொகுதிக்கு ஒரு ரயில் நிறுத்தம் வாங்கித் தந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். நான் சொல்வது சரிதானே?

பதில்: சரியில்லை. ரயில் நிறுத்தம் கேட்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அவரை நீங்கள் டெல்லிக்கு அனுப்பியதற்கு முதல் காரணம், உங்கள் பணத்தில் அரசு எவ்வளவு எடுக்கலாம், எடுத்ததை எதற்குச் செலவழிக்கலாம் என்று உங்கள் சார்பில் முடிவு செய்யத்தான். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. பட்ஜெட்டில் சொன்ன வரி மாற்றங்களைச் சட்டமாக்குவது நிதி மசோதா. அதில் கடைசிச் சொல் மக்களவைக்குத்தான். மாநிலங்களவை 14 நாட்களுக்குள் சிபாரிசு செய்து திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். அந்தச் சிபாரிசை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் இஷ்டம்.

பேசி என்ன ஆகும் என்கிறீர்கள். 1957 டிசம்பர் 16-ஆம் தேதி மக்களவையில் பெரோஸ் காந்தி பேசினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ரேபரேலியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர், பிரதமர் நேருவின் மருமகன். ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. யார் சொல்லி வாங்கினார்கள், சந்தையில் விலை என்ன, எல்.ஐ.சி. கொடுத்த விலை என்ன என்று தேதி வாரியாக எடுத்து வைத்தார் பெரோஸ். கூச்சலில்லை, மேஜையைத் தட்டவில்லை. கையில் விலைப்பட்டியல் இருந்தது. பாலிசிதாரர்களின் பணம் இப்படிப் போகலாமா என்ற கேள்விக்கு அரசிடம் சரியான பதில் இல்லை. நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். ஆளுங்கட்சிக்கு அசைக்க முடியாத பெரும்பான்மை இருந்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. உருவானதற்கே, 1955 டிசம்பரில் தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி அதே பெரோஸ் பேசிய பேச்சு ஒரு காரணம். அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. தான் பேசி உருவாகக் காரணமான நிறுவனத்தையே இரண்டு வருடத்தில் கேள்வி கேட்டார்.

அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். சரி, 2024-க்கு வருவோம். ஜூலை 23 பட்ஜெட்டில், வீடு, மனை விற்ற லாபத்துக்கான நீண்டகால மூலதன ஆதாய வரி 20 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? கூடவே இண்டெக்சேஷனை, அதாவது வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சலுகையை, எடுத்துவிட்டார்கள். 2001-02-இல் 10 லட்சத்துக்கு ஒருவர் மனை வாங்கியிருந்தால், 2024-25-க்கான குறியீட்டெண் 363-ஐ வைத்து, அது 36.3 லட்சத்துக்கு வாங்கியதாகக் கணக்காகும். 50 லட்சத்துக்கு விற்றால் லாபம் 13.7 லட்சம், வரி 2.74 லட்சம். புதிய கணக்கில் லாபம் 40 லட்சம், வரி 5 லட்சம். சதவீதம் குறைந்தது, வரி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது! இதை எம்.பி.க்கள் அவையில் எழுப்பினார்கள், வெளியிலும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அரசே திருத்தம் கொண்டுவந்தது. ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தென்றால், தனிநபர்கள் இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். பேச்சு மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிப்ரவரியிலோ ஜூலையிலோ வந்த மசோதா அப்படியேதான் நிறைவேறும் என்ற உங்கள் கணக்கு தப்பு.

பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2023 மார்ச் 24. அதானி குழுமத்தின் மீதான முறைகேட்டுப் புகார்களில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணை வேண்டும் என்று எதிர்க்கட்சிகள், ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சி, இரண்டு பக்கமும் ஒரே அமளி. அந்த அமளிக்கு நடுவே, 60-க்கும் மேற்பட்ட அரசுத் திருத்தங்களுடன் நிதி மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இருந்த இண்டெக்சேஷன் சலுகை போனது அந்தத் திருத்தங்களில் ஒன்றில்தான். பிப்ரவரி 1-இல் வைத்த மசோதாவில் அது இல்லை. பென்ஷன் பணத்தை அதில் போட நினைக்கும் பெரியவர்களுக்காக ஒரு கேள்வி கேட்க அன்றைக்கு அவையில் ஆளில்லை. அதற்கு முந்தைய நாள்தான், சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகளும், அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளும், கில்லட்டின் முறையில், விவாதமின்றி, மொத்தமாக நிறைவேறின. எனக்கு இதில் இரு தரப்பின் மீதும் கோபம் உண்டு.

இத்தனைக்கும் ஒரு தனி எம்.பி. கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. வரியைக் கூட்டும் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் சிபாரிசு வேண்டும். குறைக்கவோ ரத்து செய்யவோ திருத்தம் கொண்டுவர அது தேவையில்லை என்று 117-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எதிர்க்கட்சியின் கடைசி வரிசை எம்.பி.கூடக் கொடுக்கலாம். தோற்கும்தான். ஆனால் அமைச்சர் காரணம் சொல்ல வேண்டிய நெருக்கடி வரும், அது அவைக் குறிப்பில் ஏறும். மானியக் கோரிக்கையில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் அடையாள வெட்டுத் தீர்மானமும் அதற்குத்தான். அப்புறம், எழுத்துப்பூர்வக் கேள்விகள். செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் மூலம் மத்திய அரசு வசூலிப்பது மாநிலங்களுடன் பகிரும் தொகுப்பில் சேர்வதில்லை. அந்தத் தொகை எவ்வளவு, எதற்குச் செலவானது என்று கேட்டால் அரசு கணக்குக் காட்ட வேண்டும்.

நம் ஊரிலேயே முன்மாதிரி இருந்தார். இரா. செழியன் 1962 முதல் 1977 வரை மக்களவையில் இருந்தவர், 1971 முதல் 1973 வரை, அரசின் செலவுக் கணக்கை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். எம்.பி. சொல்லும் தொகுதி வேலைகளுக்குச் செலவிடும் தொகுதி மேம்பாட்டு நிதி வந்தபோது அதை உறுதியாக எதிர்த்தவரும் அவர்தான். நிர்வாகத்தைக் கண்காணிக்க வேண்டியவரே செலவு செய்பவராக மாறினால் கண்காணிப்பது யார் என்பது அவர் வாதம். நீங்கள் கேட்கும் கேள்வியில் இருக்கும் ஆபத்தை அப்போதே பார்த்துவிட்டார். இன்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அந்த நிதி. அதில் கட்டிய பஸ் நிழற்குடையில் எம்.பி. பெயர் பெரிதாக இருக்கிறது. நிதி மசோதா அன்று அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காக நீளமாகப் பேசியதாலேயே உங்கள் எம்.பி.யைப் பாராட்டவும் நான் தயாரில்லை. கட்சித் தலைவர் புகழ் பாதி, எதிரிக்கு வசவு பாதி என்று முடிந்த பட்ஜெட் பேச்சுகள் ஏராளம். மக்களவை இணையதளத்தில் அவைக் குறிப்புகள் இருக்கின்றன. உங்கள் எம்.பி. பெயரைத் தேடி எடுத்துப் படியுங்கள். எந்த உட்பிரிவைப் பற்றிப் பேசினார், திருத்தம் ஏதாவது கொடுத்தாரா, மசோதா நிறைவேறிய நாளில் அவையில் இருந்தாரா என்று பாருங்கள். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது ரயில் நிறுத்த மனுவோடு இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்து, பதில் கேளுங்கள்.