டிவி மெலிய மெலிய எது குறைகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு டிவிக்கு வயது பத்து. முதுகு நாலு விரல் தடிமன். புதிது வாங்கலாம் என்று போனால், விற்பவர்கள் எல்லாரும் டிவியைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி, "எவ்வளவு ஸ்லிம் பாருங்கள்" என்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். மெல்லிய டிவி என்றால் படமும் நன்றாக இருக்குமா? அதற்காகக் கூடுதலாகப் பணம் கொடுக்கலாமா?

பதில்: தடிமன் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். டிவியைப் பக்கவாட்டில் பார்ப்பது வாங்கும் அன்று மட்டும்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் எதிரில் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறீர்கள். எதிரிலிருந்து பார்த்தால் 1 செ.மீ. டிவியும் 7 செ.மீ. டிவியும் ஒன்றுபோலத்தான் தெரியும். அந்த 6 செ.மீ.யைக் குறைக்க உள்ளே எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பது தினமும் கண்ணிலும் காதிலும் படும்.

மெலிந்ததே தப்பு என்று சொல்லவில்லை. படக்குழாய் காலத்து 29 அங்குல டிவி சுமார் அரை மீட்டர் ஆழம், 40 கிலோவுக்கு மேல் எடை. எலக்ட்ரான் கற்றையை வளைத்து மூலைக்கு மூலை கொண்டுபோக அவ்வளவு நீளமான குழாய் வேண்டியிருந்தது. அந்த 50 செ.மீ. 10 செ.மீ. ஆனபோது அறையில் ஒரு மேசை அளவு இடம் மிச்சமாயிற்று. 10 செ.மீ. 5 ஆனதில் கொஞ்சம் லாபம் உண்டு. ஐந்திலிருந்து ஒன்றுக்குப் போவதில் பார்ப்பவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

2007இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த 11 அங்குல ஓஎல்இடி டிவியின் திரை வெறும் 3 மி.மீ. 2017இல் எல்ஜி காட்டிய 65 அங்குல 'வால்பேப்பர்' டிவி 2.57 மி.மீ. இரண்டுமே பொறியியல் சாதனைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் சோனியில் மின்னணுப் பாகங்கள் அடிப்பீடத்துக்குள் இருந்தன. எல்ஜியில் அவை சவுண்ட்பார் என்ற நீளமான ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஒரு தட்டையான கேபிள் திரைக்கு ஏறியது. தடிமன் காணாமல் போய்விடவில்லை. வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னால் விளக்கு தேவையில்லை. அங்கே மெல்லிய திரை இயல்பாக வருவது; படத்துக்குச் சேதமில்லை. நாம் 'எல்இடி டிவி' என்று சொல்வது உண்மையில் எல்சிடி. அதன் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். அந்த பேக்லைட்டை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் தடிமன் இருக்கிறது, படத்தின் தரமும் இருக்கிறது.

ஒரு வழி, திரைக்கு நேர் பின்னால் எல்இடி பட்டைகளை வரிசையாக ஒட்டுவது. இது டைரக்ட் லிட். ஒவ்வொரு எல்இடியின் மேலும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். வெளிச்சம் விரிந்து, பக்கத்து எல்இடியின் வெளிச்சத்தோடு கலந்து, ஒரே சீராகத் திரையை அடைய இடைவெளி வேண்டும். எல்இடிகளின் எண்ணிக்கை குறையக் குறைய அந்த இடைவெளி அதிகமாக வேண்டும். உங்கள் பழைய டிவியின் நாலு விரலில் பெரும்பகுதி இந்த இடைவெளியாக இருக்கலாம்.

மெலிய வைக்க வேண்டுமானால் எல்இடிகளைப் பின்னாலிருந்து எடுத்து ஓரத்தில், பெரும்பாலும் கீழ் விளிம்பில், அடுக்கிவிடுவார்கள். இது எட்ஜ் லிட். சில மி.மீ. தடிமனுள்ள ஒளிகடத்தும் தகடு ஒன்று அந்த வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்ப வேண்டும். கீழிருந்து பாய்ச்சும் ஒளி 70 செ.மீ. உயரம் ஏறியும் சீராக இருக்க வேண்டும் என்பது கடினமான வேலை. அதனால் இருட்டுக் காட்சியில் மூலைகள் வெளுத்துத் தெரியும். கறுப்பு, சாம்பலாகும். ராத்திரி வானத்தில் நிலா வந்தால் நிலா இருக்கும் இடத்தில் மட்டும் வெளிச்சம் கூட்ட முடியாது; அந்தப் பட்டை முழுக்கக் கீழிருந்து மேல்வரை வெளுக்கும். இருட்டில் சப்டைட்டில் ஓடும் படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை.

அதைவிட மோசமானது சூடு. திரை முழுக்கப் பரவியிருக்க வேண்டிய சூடு ஒரே ஒரு மெல்லிய பட்டையில் குவிகிறது. அதை ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புத் தாள் நாளடைவில் நெளியும், ஒளித்தகடு விரிசல் விடும். திரையில் நிழல் திட்டுகளும் வெளிச்சத் திட்டுகளும் வந்து உட்காரும். ஆர்டிங்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2022இல் 100 டிவிகளை வைத்துத் தொடங்கிய நீண்டகால ஆயுள் சோதனையிலும் எட்ஜ் லிட் மாடல்களில் இதே கோளாறுகள் வெளிப்பட்டன. அமைப்பிலேயே உள்ள பலவீனம் இது.

தடித்த டிவி எல்லாமே நல்ல டிவி என்றும் நினைத்துவிடாதீர்கள். குறைந்த எல்இடிகளைப் போட்டு மலிவாக முடித்த டைரக்ட் லிட்டும் தடிமனாகத்தான் இருக்கும். அதில் சூட்டால் பசை விட்டு ஒரு லென்ஸ் கழன்று விழுந்தால், திரையில் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: லோக்கல் டிம்மிங், அதாவது பேக்லைட்டைப் பகுதி பகுதியாகத் தனித்தனியே மங்கலாக்கும் வசதி, உண்டா, எத்தனை பகுதிகள்? 'பேக்லைட் எங்கே?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மினி எல்இடி மாடல்களில் ஆயிரக்கணக்கான குட்டி எல்இடிகளை நெருக்கி அடுக்குவதால் இடைவெளி குறைவாக இருந்தாலும் ஒளி கலந்துவிடும். அப்படிக் கிடைக்கும் மெலிவை நம்பி வாங்கலாம்.

அடுத்து ஒலி. மெல்லிய டிவிகளைப் பற்றி வரும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்: "பாட்டு காதைக் கிழிக்கிறது, பேசுவது புரியவில்லை." காரணம் எளியது. கனத்த ஒலி வர, ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகலமான கூம்பு வேண்டும், அது முன்னும் பின்னும் அசைய இடம் வேண்டும், பின்னால் காற்று நிறைந்த அறை வேண்டும். இரண்டு விரல் டிவியில் இவை மூன்றுமே இல்லை. ஆண் குரலின் அடித்தளம் சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தில்தான் குட்டி ஸ்பீக்கர்கள் தளர்ந்துபோகின்றன. குரல் தகரத்தில் பேசுவது போலாகிறது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ச, ஸ, ட, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. அந்த உயர் ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். ஓரச்சட்டமே இல்லாத டிவியில் ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடம் கிடையாது, தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ வைத்திருப்பார்கள். உங்களுக்கு வர வேண்டிய மெய்யெழுத்துகள் மேசைக்குப் போகின்றன. 20 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது ஆம்ப்ளிஃபையர் தரும் மின்சக்தியின் கணக்கு. எவ்வளவு காற்று அசைகிறது என்பதை அது சொல்லாது.

இதற்கு மருந்து சவுண்ட்பார். டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதில்தான் செருக வேண்டும். பிறகு செட்டிங்ஸில், எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை இயக்க உதவும் 'சிஇசி'யை ஆன் செய்து, ஒலி வெளியீட்டை வெளி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். ஒலியே வராவிட்டாலோ உதட்டசைவுக்குப் பின்தங்கி வந்தாலோ ஒலி வடிவத்தை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாம் சரி, அந்த சவுண்ட்பாரே 8 முதல் 12 செ.மீ. ஆழம். டிவியில் மிச்சம் பிடித்த தடிமனை அது வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது.

சுவரில் மாட்டும்போதும் இதே கதைதான். அசையாத பிராக்கெட்டே 2 முதல் 4 செ.மீ. எடுத்துக்கொள்ளும். திருப்பக்கூடிய கை வைத்த பிராக்கெட் மடித்த நிலையிலும் அதைவிட அதிகம். எச்டிஎம்ஐ துளைகள் நேர் பின்னால் பார்த்தபடி இருந்தால், பிளக்கும் கேபிளின் வளைவும் சேர்ந்து 5 செ.மீ. கேட்கும். ஆகவே துளைகள் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பின்னால் எட்டிப் பாருங்கள். மெல்லிய டிவியில் மாட்டும்போது ஓர் எச்சரிக்கை: மேல்பாதி ஒல்லியாகவும், போர்டுகள் இருக்கும் கீழ்ப்பாதி புடைத்தும் இருப்பதால், நான்கு ஸ்க்ரூ துளைகளின் ஆழம் ஒரே மாதிரி இருக்காது. கையேட்டில் சொன்ன நீளமுள்ள எம்6 அல்லது எம்8 ஸ்க்ரூவையும் இடைவெளிக்கு வைக்கும் அதற்குரிய ஸ்பேசரையும்தான் போட வேண்டும். முதலில் கையாலேயே திருகுங்கள். பாதியில் முட்டினால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் முனை பேனலிலோ போர்டிலோ இறங்கிவிடும்.

விளம்பரத்தில் வரும் மில்லிமீட்டர் கணக்கு மிக ஒல்லியான இடத்தில் எடுத்த அளவு. மேலே 4 மி.மீ. உள்ள ஓஎல்இடி, கீழே 4, 5 செ.மீ. இருப்பது சாதாரணம். கையேட்டுப் படத்தில் 'ஸ்டாண்டு இல்லாமல் ஆழம்' என்று இருப்பதுதான் உண்மையான எண்.

பழுதுபார்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். பேச்சு கேட்கிறது, திரை இருட்டு என்றால், அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பேக்லைட்தான். எல்இடிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். பட்டையை மாற்றுவது பெரிய விஷயமில்லை. ஆனால் மாற்ற, முன்னால் இருக்கும் கண்ணாடிப் பேனலைத் தூக்க வேண்டும். அதன் கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் அரை மி.மீ. சொச்சம்தான். ஸ்க்ரூ போட்ட சட்டத்துடன் வரும் தடித்த டிவியில் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். மெல்லிய மாடல்களில் பேனலை இருபக்க டேப்பால் ஒட்டியிருப்பார்கள். பிரிக்கும்போதே விரிசல் விழும், அல்லது விளிம்பில் உள்ள நுண்ணிய ரிப்பன்கள் கிழியும். பேனல்தான் டிவியிலேயே விலை கூடிய பாகம். அது போனால் டிவியே போனது மாதிரி.

ஏற்கெனவே மெல்லிய டிவி வாங்கிவிட்டவர்கள் சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும். 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' மோடுக்கு மாறி, இரவில் பேக்லைட்டை 100இலிருந்து 50, 60க்கு இறக்குங்கள். மின் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குச் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய கணக்கு. ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். நிறுத்திய பிறகு திரை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேலை ஸ்டாண்ட்பையில்தான் நடக்கும்.

மேசையில் வைப்பவர்களுக்கு: ஒல்லியான பெரிய டிவி லேசாக இடித்தாலே முன்னால் சாயும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பின்பக்கத்தைப் பட்டையால் சுவரோடு கட்டுவது கட்டாயம். கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும் மாடலானால் மேசை அகலத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

டிவி வந்து இறங்கியதும் படுக்கப் போடாமல், நிமிர்த்தியபடி இரண்டு பேர் தூக்குங்கள். விரல் திரையில் படக்கூடாது. அன்று இரவே அறையை இருட்டாக்கி, முழுக் கறுப்பில் சின்ன வெள்ளை எழுத்துள்ள படம், 5 சதவீதச் சாம்பல், 50 சதவீதச் சாம்பல் என்று மூன்று படங்களை பென் டிரைவில் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து நான்கு மூலைகளையும் பாருங்கள். பத்து நிமிடம் செய்தி கேளுங்கள். அரை மணி ஓடிச் சூடேறிய பிறகு அதே மூன்று படங்களை மறுபடி போடுங்கள். திட்டோ வெளுப்போ கண்ணை உறுத்தினால் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.