மிரட்டப்பட்ட புத்தகம் அதிகம் விற்கிறதே, அப்புறம் என்ன இழப்பு?

கேள்வி இது: "எழுத்தாளரை மிரட்டினாலோ தாக்கினாலோ அவருடைய புத்தகம் முன்பைவிட அதிகமாகத்தான் விற்கிறது. அப்படியென்றால் இந்த வன்முறையால் கருத்துரிமைக்கு உண்மையில் என்ன இழப்பு?"

பதினோரு வருடமாகச் சிறுகதைகளைத் தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். அதனாலோ என்னவோ, இதைப் படித்ததும் எனக்கு ஹிதோஷி இகராஷியின் நினைவுதான் வந்தது. ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக இருந்தவர். இஸ்லாமியப் பண்பாட்டை ஆழ்ந்து படித்தவர். இப்னு சினாவின் மருத்துவ நூலை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். இஸ்லாத்தை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக்கு உள்ளான சல்மான் ருஷ்டியின் 'தி சாட்டானிக் வெர்சஸ்' நாவலையும் மொழிபெயர்த்தார். 1991 ஜூலையில் தான் பாடம் நடத்திய பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே குத்துண்டு இறந்து கிடந்தார். வயது 44. கொன்றவர் பிடிபடவே இல்லை. 2006-ல் வழக்குத் தொடர்வதற்கான காலக்கெடுவும் முடிந்துபோனது.

அதே மாதம், அவருக்குச் சில நாள் முன்னால், இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் எத்தோரே கப்ரியோலோவை மிலானில் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து கத்தியால் குத்தினார்கள். உயிர் தப்பினார். 1993 அக்டோபரில் நார்வே பதிப்பாளர் வில்லியம் நைகார்டை ஆஸ்லோவில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். மூன்று குண்டுகள். அவரும் பிழைத்துக்கொண்டார். அந்த வருடம் ஜூலையில் துருக்கியின் சிவாஸ் நகரில் ஒரு பண்பாட்டு விழா நடந்தது. அந்த நாவலின் பகுதிகளைத் துருக்கி மொழியில் வெளியிட முனைந்த எழுத்தாளர் அஸீஸ் நெசின் அதற்கு வந்திருந்தார். அவர் தங்கியிருந்த விடுதியைக் கும்பல் சூழ்ந்து தீ வைத்தது. நெசின் தப்பிவிட்டார். கவிஞர்கள், பாடகர்கள், விடுதி ஊழியர்கள் என்று 35 பேர் கருகியும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நாவலோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இவ்வளவு பேரை ஏன் சொல்கிறேன் என்றால், 1989 பிப்ரவரி 14 அன்று ஈரான் தலைவர் ஆயத்துல்லா கொமெய்னி வெளியிட்ட கொலை ஆணை ருஷ்டியோடு நிற்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே அந்தப் புத்தகத்தை வெளியிட உதவியவர்கள் எல்லோரையும் அது சேர்த்துக்கொண்டது. எழுத்தாளருக்காவது காவல் கிடைத்தது. சம்பளத்துக்கு இரண்டு வேலை பார்த்துக்கொண்டு இரவில் மொழிபெயர்க்கிற ஆளுக்கு எந்தக் காவல்துறை வாசலில் நிற்கும்? மிரட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பதிப்பாளர், அச்சகக்காரர், கடைக்காரர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் விலகிவிட்டால் எழுத்தாளர் உயிரோடு இருந்தும் பயனில்லை.

விற்பனைக் கணக்குக்கு வருகிறேன். பிரபலமான ஒருவரை மிரட்டினால் புத்தகம் விற்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் வருவது பிழைத்தவர்களும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களும் மட்டுமே. கவிஞர் செல்வியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1991-ல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அடுத்த வருடம் எழுத்தாளர்களின் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. திரும்பி வரவே இல்லை. நமக்கு மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய கவிதைகள். இன்னும் முப்பது வருடம் எழுதியிருக்க வேண்டிய பெண்ணின் எழுதாத கவிதைகளை எந்த விற்பனைப் பட்டியலில் தேடுவது?

பிழைத்தவர்களுக்கும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை. நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸை 1994-ல் கெய்ரோவில் கழுத்தில் குத்தினார்கள். அவருக்கு அப்போது 82 வயது. காரணம் 1959-ல் தொடராக வந்த ஒரு நாவல். நரம்பு பாதிக்கப்பட்டு, எழுதும் கையே சரியாக இயங்காமல் போனது. ருஷ்டியை 2022 ஆகஸ்ட்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மேடையில் குத்தியவர், 'தி சாட்டானிக் வெர்சஸ்' வெளிவந்தபோது பிறக்கவே இல்லை. அதில் இரண்டு பக்கம் போலத்தான் படித்ததாக அவரே சொன்னார். ருஷ்டி ஒரு கண்ணை இழந்தார். ஆபத்தில் இருக்கும் எழுத்தாளர்களுக்குப் புகலிடம் தருவது பற்றிப் பேசத்தான் அன்றைக்கு அங்கே போயிருந்தார்.

பெருமாள்முருகன் விஷயத்தில் கத்தி, துப்பாக்கி எதுவும் வேண்டியிருக்கவில்லை. 2010-ல் வந்த 'மாதொருபாகன்' நான்கு வருடம் சும்மா இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபிறகு, 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அதிகாரிகள் முன்னிலையில் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள் என்றது. அவர் மறுபடி எழுதட்டும் என்று முடித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு அடுத்த மாதம் அவர் பேசியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறக்கிற ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்கிற தணிக்கையாளர் ஒருவர் தனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றார். அந்த ஆளை எந்த நீதிமன்றத்தாலும் வெளியேற்ற முடியாது.

அந்த ஆள் எனக்குள்ளும் இருக்கிறார். சில வருடம் முன்பு ஒரு கதையை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்க்கும்போது பதிப்பாளர் கூப்பிட்டார். ஒரு பாத்திரம் கடவுளைத் திட்டி அழும் இடம், ஏழு வரி. "வம்பு எதுக்கு, எடுத்துடலாமே" என்றார். யாரும் எங்களை மிரட்டவில்லை. அப்படி ஒரு கதை வரப்போகிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. நான் சரி என்றேன். வாக்குவாதம்கூடச் செய்யவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் அழுகை அது. அதை எடுத்ததும் அவள் வெறுமனே எழுந்து அடுப்படிக்குப் போகிறாள். படிக்கிறவர்களுக்கு அங்கே ஏதோ இருந்தது என்றே தெரியாது.

மனம் புண்படும்படி எழுதினால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். மறுத்து எழுதலாம், கூட்டம் போட்டுத் திட்டலாம், வழக்குப் போடலாம். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் தகராறு வரும்போது அதிகாரிகள் கும்பலைக் கலைப்பதற்குப் பதிலாக எழுத்தாளரை உட்கார வைத்துச் சமாதானம் பேசினால், அடுத்த கும்பலுக்கு வழி காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் ஏழு வரியால் கலவரம் வரவில்லை, விளம்பரமும் வரவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தால் அந்த வரிகளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதி, மூலத்தோடு சேர்த்து அனுப்பியும் வைத்திருக்கிறேன். முதல் பதிப்பு இன்னும் தீரவில்லை.