கேரவனில் ஒயின் சுற்றுலா: ஒரு திசை போதும்

கேள்வி: அல்சூரில் இருக்கிறோம். கணவர், நான், மாமியார், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கணவரின் அண்ணன், அண்ணி என ஐந்து பேர். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குக் கேரவன் வாடகைக்கு எடுக்கலாம் என்று ஆசை. நந்தி மலைப் பக்கம் ஒரு ஒயினரி, சென்னபட்டணத்தில் ஒன்று, நகரத்துக்குள் இரண்டு மைக்ரோபுரூவரி (அங்கேயே பியர் காய்ச்சி ஊற்றும் இடம்), வழியில் ஊர்ச் சாப்பாடு. மாமியார் சைவம், குடிக்கவும் மாட்டார். திட்டம் சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. நந்தி வடக்கே, சென்னபட்டணம் தென்மேற்கே, நடுவில் பெங்களூரு. சனிக்கிழமை வடக்கு வழியில் ஹெப்பாள் நெரிசலைத் தாண்டியவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நானும் முதல் தடவை ஒரே நாளில் நாலு இடம் என்று விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு போனவன்தான். மூன்றாவது இடத்தில் யார் நாக்கிலும் ருசி இல்லை. நாலாவதில் இருவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

இந்தத் தடவை வடக்கு மட்டும் போங்கள். நகரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் தொட்டபள்ளாபுரம். அந்தப் பக்கம்தான் 1988-ல் கன்வல் குரோவர் தொடங்கிய, இன்று குரோவர் ஜாம்பா என்று அறியப்படும் ஒயினரி இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வார இறுதியில் நேரே போய் நின்றால் ஏமாற்றம்தான். முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், கொடியில் பழம் இருக்கும். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிடும். இங்கே அவ்வளவு குளிர் இல்லாததால் அது உறங்குவதில்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடியைக் கத்தரிக்கிறார்கள்: கோடையில் ஒன்று, மழை ஓயும்போது ஒன்று. இரண்டாவது கவாத்தில் வரும் காய்ப்புதான் ஒயினுக்கு. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுபவரிடம் இதைக் கேளுங்கள், பேச்சு களைகட்டும்.

வழியில் கூடைகளில் கருநீலமாக விற்பது பெங்களூரு ப்ளூ. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை, நம் கம்பம் பன்னீர் திராட்சையிலிருந்து வேறு ரகம். அதன் வாசனை தூக்கலாக இருக்கும். ஜூஸுக்கும் இனிப்பான போர்ட் ஒயினுக்கும் நல்லது. ஒயினரியில் ருசி பார்க்க ஊற்றும் டேஸ்டிங்கில் வருவது பெரும்பாலும் ஷிராஸ், கேபர்நே சோவின்யோன், சோவின்யோன் பிளாங்க் போன்ற வெளிநாட்டு ரகங்கள். போகும் வழியில் ஒரு கொத்து பெங்களூரு ப்ளூ வாங்கித் தின்றுவிட்டுப் போனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாக்கிலேயே பிடிபடும்.

டேஸ்டிங்கில் வெள்ளையில் தொடங்கி சிவப்பில் முடிப்பார்கள். மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், துப்புவதற்குத்தான். துப்பினால் மரியாதைக் குறைவோ என்று நம்மவர்கள் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்களே துப்பித்தான் ருசி பார்க்கிறார்கள். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள், வெறும் வயிறு வேண்டாம்.

மாமியாருக்கு இந்தப் பக்கம்தான் வசதி. தொட்டபள்ளாபுரத்துக்கு வடக்கே காட்டி சுப்ரமண்யா கோயில். முருகன் கிழக்கு பார்க்க, அதே கல்லில் நரசிம்மர் மேற்கு பார்க்கிறார். பின்னால் வைத்த கண்ணாடியில்தான் அவரைச் சேவிக்க முடியும். காலையில் எல்லோருமாக அங்கே போய்விட்டு, பிற்பகலில் ஒயினரி. ஞாயிறு காலை நந்தி மலையடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோயில். சோழர் கையும் பட்ட கோயில், குளமும் கல் மண்டபமுமாக ஒரு மணி நேரம் உட்காரலாம். மலைக்கு மேலே மட்டும் கேரவனைக் கொண்டுபோகாதீர்கள், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது தோதான வண்டி இல்லை.

சாப்பாட்டுக்கு ராகி முத்தையும் (களி உருண்டை) சாறும் (குழம்பு) போடும் சின்ன ஹோட்டலில் நிறுத்துங்கள். முத்தையை மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் போனால் அவரேகாய் (பச்சை மொச்சை) சாறு கிடைக்கும், மாமியாருக்கும் ஆகும். தேவனஹள்ளியில் பம்பளிமாஸ் கண்ணில் பட்டால் விடாதீர்கள், அந்த ஊர்ப் பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு.

இனி வண்டி. வாடகைக்கு விடுபவர் "ஆறு பேருக்கு வசதி" என்றால் படுக்கவா, பெல்ட் போட்டு உட்காரவா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஓடும் வண்டியில் யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது, கேஸ் அடுப்பும் மூடியிருக்க வேண்டும். டிரைவரோடு வரும் வண்டி என்றால் மஞ்சள் போர்டு இருக்கிறதா பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கை கொடுக்காமல் போகலாம். இரவு நிறுத்தும் ரிசார்ட்டிடமோ பண்ணை வீட்டிடமோ முன்கூட்டியே கேட்க வேண்டியவை மூன்று: கேட்டின் உயரம், ஏசிக்கு 16 ஆம்ப் பிளக், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம். மூன்றாவதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஞாயிறு காலை அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பார்கள்.

டிரைவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "நம்ம ஆள்தானே, நானே ஓட்டுகிறேன்" என்று அண்ணனோ தம்பியோ கிளம்பினால் டேஸ்டிங்கை ரத்து செய்துவிடுங்கள். டிரைவருக்குப் பேட்டாவோடு நல்ல சாப்பாடும் படுக்க இடமும் கொடுங்கள். வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் வண்டியில் விடாதீர்கள். நான் ஒருமுறை விட்டு, கார்க் மேலே தள்ளி, ஒயின் இருக்கையில் வழிந்தது.

சென்னபட்டணத்துக்கு இன்னொரு வார இறுதியை ஒதுக்குங்கள். 2023 மார்ச்சில் திறந்த மைசூரு எக்ஸ்பிரஸ்வே பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதில் போனால் பிடதி தட்டு இட்லியும் இல்லை, மத்தூர் வடையும் இல்லை. பழைய சாலையில் போங்கள்.

பியருக்குக் கேரவன் எதற்கு? நகரத்து மைக்ரோபுரூவரிகளில் அதை நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிறு மாலை வண்டியை ஒப்படைத்துவிட்டு, அல்சூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் இந்திரா நகர். 100 அடி சாலையில் டாய்ட் என்ற மைக்ரோபுரூவரி இருக்கிறது. ஒரே இடம் போதும், இரண்டாவது வேண்டாம்.

கடைசியாக, கணவரின் அண்ணன் ஊருக்குக் கொண்டுபோக இரண்டு பாட்டில் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். கர்நாடகத்தில் வாங்கிய மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம்; மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிப் பையைத் திறந்தால் வம்பு. அந்தப் பாட்டில்கள் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், அடுத்த தடவை வரும்போது குடிக்கட்டும்.