தீவனத்தில் துவர்ப்பு சேர்த்தால் மீத்தேன் குறையுமா?

ஆடு மாடுகளின் தீவனத்தில் தாவரப் பொருள்களைச் சேர்த்தால் மீத்தேன் குறையும் என்கிறார்களே, கடலோரத்தில் பத்து இருபது உருப்படி வைத்திருப்பவருக்கு அது பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், பயன்படும். ஆனால் அளவு தெரியாமல் போட்டால் ஆடுதான் வாடும். அதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊரில் இருபது வெள்ளாடுகளும் பத்துப் பன்னிரண்டு செம்மறிகளும் வளர்க்கிறேன். உச்சி வேளையில் குடைவேல மர நிழலில் ஆடு படுத்து அசைபோடும்போது அதன் கழுத்தைக் கவனியுங்கள். உருண்டை ஒன்று கீழிருந்து தொண்டைக்கு ஏறும். நிதானமாக மென்றுவிட்டு விழுங்கும். சற்று நேரத்தில் அடுத்தது ஏறும். நடுவே சத்தமில்லாமல் ஏப்பம் விடும். மீத்தேன் பெரும்பாலும் போவது அந்த ஏப்பத்தில்தான்.

முதல் இரைப்பையான பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் தீவனத்தின் நார்ச்சத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கவே தனியாக ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் அங்கே வாழ்கிறது. தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றில் கலந்துவிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது உலகத்தின் கவலை. காசு கொடுத்து வாங்கிய தீவனம் ஏப்பமாகப் போகிறதே என்பது என் கவலை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்பதால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

இதில் முதலில் பேசப்படுவது டானின். நமக்குப் புதிதல்ல, துவர்ப்பு என்று நாக்கு சொல்வது அதைத்தான். கருவேல நெற்றைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்கிறதே, எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. பெருவயிற்றிலும் அதே வேலையைச் செய்கிறது: மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்தை அடக்குகிறது, புரதம் அங்கேயே சிதைந்து வீணாகாமல் அடுத்த இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறைவதாக அந்த நிறுவனம் சொல்கிறது. அவர்களின் இன்னொரு சேர்க்கையான ‘டேமரின் பிளஸ்’ புளியங்கொட்டைத் தோலிலிருந்து செய்யப்படுவது. நாம் குப்பையில் கொட்டும் தோல்!

இனி என் தவறு. இரண்டு கோடைக்கு முன் வைக்கோல் தட்டுப்பாடு. நெற்று நல்லது என்று படித்திருந்தேன். துரட்டியால் உலுக்கி மூட்டை மூட்டையாகச் சேர்த்து, கருவேல நெற்றை இடித்து வயிறு நிறையப் போட்டேன். ஒரு வாரத்தில் செம்மறிகள் தீவனத் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பின. புழுக்கை கல்லாக இறுகியது. துவர்ப்பு மிஞ்சினால் பசியைக் கெடுக்கும், செரிமானத்தையும் கெடுக்கும். தழை மேய்ந்து பழகிய வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி அவ்வளவு தாங்காது. நெற்றை நிறுத்திவிட்டுத் தவிடும் பசுந்தழையும் கொடுத்த பிறகே தேறின. இப்போது வெள்ளாட்டுக்கு மாலையில் இரண்டு கைப்பிடி, செம்மறிக்கு ஒன்று. அதுவும் வைக்கோல் தின்ற பிறகு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கோடு கலந்து.

எங்கள் பகுதியில் அடுத்த கேள்வி கட்டாயம் வரும்: பாசி போடலாமா? அஸ்பராகாப்சிஸ் என்ற செம்பாசியைக் கொஞ்சம் சேர்த்ததில் மாடுகளின் மீத்தேன் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு 2021இல் வெளிவந்தது உண்மைதான். அந்த வேலையைச் செய்வது அதிலுள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள். மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற வேறு பாசி. அது கராஜீனன் என்ற கூழ்மப் பொருள் எடுப்பதற்கானது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரையில் ஒதுங்கியதை அள்ளிக் காயவைத்துப் போடுவதும் வேண்டாம். உப்பும் அயோடினும் உடம்பில் ஏறும், அயோடின் பாலிலும் கலக்கும். அஸ்பராகாப்சிஸே கிடைத்தாலும் புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகக் கூடியது, நம் வெயிலில் உலர்த்தினால் பெரும்பகுதி போய்விடும்.

சவுண்டல் (சூபாபுல்) தழையிலும் டானின் உண்டு, புரதமும் நிறைய. ஆனால் மிமோசின் என்ற நச்சுப்பொருளும் சேர்ந்தே இருப்பதால் அதையே முழுத் தீவனமாக்கினால் முடி கொட்டும். மற்ற தழைகளோடு கலந்து கொடுங்கள்.

மீத்தேனை அளக்க நம்மிடம் கருவி இல்லை, அதற்கு மணமும் இல்லை. ஆகவே தொடங்கும் முன் நான்கு குட்டிகளை எடை போட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டுக்கு மட்டும் நெற்றுக் கலந்து கொடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தராசில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். நடுவில் எது தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பினாலும் அன்றே அளவைப் பாதியாக்கிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.