உயிரிழப்புக் கணக்கும் ஊர்க் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பெரு நாட்டோட உள்நாட்டுச் சண்டையைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல ஒரே விஷயத்தைத் தொட்டு வந்த அஞ்சு கேள்வியை மட்டும் இந்தத் தடவை எடுத்திருக்கேன், மத்த கேள்விகள் அடுத்த இதழ்ல.

கேள்வி: பெருவுல 1980ல இருந்து 2000 வரைக்கும் கிட்டத்தட்ட 69 ஆயிரம் பேர் செத்தாங்க, ஆனா 2003ல விசாரணை கமிஷன் அறிக்கை வர்ற வரைக்கும் அதுல பாதிதான்னு நாடே நினைச்சுட்டு இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. சொந்த நாட்டுல செத்தவங்களை எப்படி சார் தெரியாம இருக்கும்?

பதில்: எந்த ஊர்ல செத்தாங்க, என்ன பாஷை பேசுறவங்க செத்தாங்கன்னு பார்த்தா உங்க கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடும். அந்த உண்மை அறியும் கமிஷன் போட்ட கணக்கு 69,280. அதுல நாப்பது சதவீதத்துக்கு மேல அயகூச்சோ அப்படிங்கிற ஒரே ஒரு மலை மாகாணம். அதோட இன்னும் அஞ்சு மாகாணத்தைச் சேர்த்தா 85 சதவீதம் முடிஞ்சு போச்சு, மீதி நாடு முழுக்க சேர்த்து 15தான். இறந்தவங்கள்ல நாலுல மூணு பேர் வீட்ல கெச்சுவா மாதிரி பூர்வகுடி பாஷை பேசுறவங்க, ஆனா 1993 மக்கள்தொகைக் கணக்குல அப்படிப் பேசுறவங்க நாட்டுல 16 சதவீதம்தான். அதாவது தலைநகர் லீமாவுல பேப்பர் படிக்கிற, டிவி பார்க்கிற, ஸ்பானிஷ் பேசுற குடும்பத்துக்கு இந்தச் சாவு வேற யாரோட வீட்லயோ நடந்த சாவு.

ஒளிரும் பாதைங்கிற மாவோயிஸ்ட் இயக்கம் ஆயுதம் எடுத்த முதல் நாளே 1980 மே 17, அயகூச்சோவுல சுஸ்சின்னு ஒரு சின்ன கிராமத்துல தேர்தலுக்கு முந்தின ராத்திரி ஓட்டுப் பெட்டியைக் கொளுத்தினாங்க. பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கம் இயக்கம், இந்தப் பக்கம் ராணுவம்னு மலைக் கிராமத்து ஜனங்க ரெண்டு பக்கமும் அடிவாங்கி செத்துட்டு இருந்தாங்க. லீமாவுலயும் குண்டு வெடிச்சுச்சு, கரண்ட் போச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா 1992 ஜூலை 16ல மிராஃப்ளோரெஸ் அப்படிங்கிற வசதியானவங்க இருக்கிற ஏரியாவுல தரத்தா தெருவுல குண்டு வெடிச்சு 25 பேர் செத்த அன்னைக்குத்தான் இது நம்ம சண்டைன்னு தலைநகரத்துல பல பேருக்கு உறைச்சுது.

இன்னொரு ஊரைச் சொல்றேன், இதை எழுதும்போது எனக்கே மனசு கனத்துப் போகுது. உச்சுராக்காய்னு ஒரு கிராமம், அதுவும் அயகூச்சோ மலையிலதான். 1983 ஜனவரி 26ல அங்க செய்தி சேகரிக்கப் போன 8 பத்திரிகைக்காரங்களை ஊர்க்காரங்க இயக்கத்து ஆளுங்கன்னு நினைச்சுக் கொன்னுட்டாங்க. நாடே பதறிப்போச்சு, தனி விசாரணை, கோர்ட்டு, வருஷக்கணக்கா பேச்சு. பதறினது தப்பே இல்ல, பதற வேண்டிய விஷயம்தான். ஆனா அதே கிராமத்துல அந்தச் சண்டைக் காலத்துல 135 கிராமத்து ஜனங்க செத்தாங்க, ஊரே காலியாகிப் போச்சு, அதைப் பத்தி யாரும் பெருசா பேசல. எட்டுப் பேரோட பேர் எல்லாருக்கும் தெரியும், 135 பேரோட பேர் கமிஷன் வந்து கேட்ட பிறகுதான் வெளிய வந்துச்சு. தெரியாம போகிறது இப்படித்தாங்க.

அந்த கமிஷன் அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. அயகூச்சோவுல ஜனத்தொகைக்கு எத்தனை பேர் செத்தாங்களோ அதே விகிதத்துல நாடு முழுக்க செத்திருந்தா மொத்தம் 12 லட்சம் பேர் செத்திருப்பாங்க, அதுல லீமா நகரத்துல மட்டும் 3 லட்சத்து 40 ஆயிரம். அந்த நம்பரைப் படிச்ச பிறகு ஒரு நாட்டோட மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதையும் எழுதுறதில்லைன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

கேள்வி: ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே ராணுவம். அப்புறம் ஏன் சில இடத்துல மட்டும் சண்டை, மத்த இடம் அமைதியா இருக்கு?

பதில்: காடு, மலை, எல்லை, இந்த மூணும் இருந்தா ஒளிஞ்சுக்கலாம், துப்பாக்கி கொண்டு வரலாம், துரத்தினா அந்தப் பக்கம் தாண்டிடலாம். ஆனா காடும் மலையும் உலகத்துல எத்தனையோ இடத்துல இருக்கு, எல்லா இடத்துலயுமா சண்டை நடக்குது? அதனால அது மட்டும் காரணம் இல்ல, அந்த ஊருக்குன்னு ஒரு பழைய வழக்கு இருக்கும்.

தாய்லாந்தைப் பாருங்க, டூரிஸ்ட் போற நாடுன்னுதான் நமக்குத் தெரியும். ஆனா 2004 ஜனவரியில நராதிவாத்துல ராணுவ முகாமைத் தாக்கி துப்பாக்கிகளைத் தூக்கிட்டுப் போனதுல இருந்து இதுவரைக்கும் ஏழாயிரத்துக்கும் மேல செத்திருக்காங்க, அதுல ரொம்பப் பெரிய பங்கு பட்டானி, யாலா, நராதிவாத் மூணு மாகாணமும் பக்கத்துல சொங்க்லாவுல நாலு வட்டமும்தான். அந்த இடம் ஒரு காலத்துல மலாய் பேசுற முஸ்லிம் சுல்தானகமா இருந்துச்சு, 1909ல பிரிட்டிஷ்காரங்களும் சியாமும் (தாய்லாந்தோட பழைய பேர்) ஒப்பந்தம் போட்டு எல்லைக்கோடு கிழிச்சப்போ கோட்டுக்கு சியாம் பக்கம் மாட்டிக்கிச்சு. கோடு எங்க விழுந்துச்சோ அதை ஒட்டித்தான் இன்னைக்கும் சாவு.

நைஜீரியா இன்னும் சிக்கல், ஏன்னா அங்க ஒரு சண்டை இல்ல, நாலஞ்சு சண்டை ஒரே வரைபடத்துல இருக்கு. வடகிழக்குல போர்னோ, யோபே, அடமாவாவுல 2009ல இருந்து போக்கோ ஹராம்ங்கிற மதத் தீவிரவாத இயக்கம், 2014 ஏப்ரல்ல சிபோக் பள்ளிக்கூடத்துல இருந்து 276 பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போனாங்களே அந்தப் பக்கம். வடமேற்குல ஸம்ஃபாரா, கட்சினா பக்கம் மதமும் கொள்கையும் முக்கியமில்ல, மாட்டைத் திருடுறது, ஆளைக் கடத்திப் பணம் கேக்குறது, அதுக்குன்னே ஆயுதம் வெச்சிருக்கிற கும்பல்கள். நடுவுல பெனுவே, பிளாட்டோ மாநிலங்கள்ல விவசாயிக்கும் மாடு மேய்க்கிறவங்களுக்கும் நிலம், தண்ணிச் சண்டை. தெற்குல நைஜர் டெல்டாவுல எண்ணெய் வருமானத்துல எங்க பங்கு எங்கன்னு கேட்டு ஆரம்பிச்சது, 2009ல அரசாங்கம் பொதுமன்னிப்பு குடுத்து, மாசாமாசம் பணமும் குடுத்து நிறையக் குறைச்சாங்க. இப்போ சொல்லுங்க, டெல்டாவுல வேலை செஞ்ச மருந்தை போர்னோவுல குடுத்தா வேலை செய்யுமா? நைஜீரியாவுல வன்முறைன்னு ஒரே வரியில எழுதினா காரணம் நாலும் குழம்பிப் போயிடும், தீர்வும் தப்பாப் போயிடும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு பகுதிக்குள்ளயே எந்த ஊர்ல ஜனங்க அதிகமா சாவுறாங்கன்னு பார்த்தா, பல சமயம் யாரோ ஒருத்தர் முழுசா பிடிச்சு வெச்சிருக்கிற ஊர்ல இல்ல, பகல்ல ராணுவம் வந்து போற, ராத்திரி இயக்கம் வந்து போற ஊர்லதான். ரெண்டு பேரும் "நீ அவனுக்கு சாப்பாடு போட்டியா"ன்னு கேப்பாங்க, ரெண்டு பேருக்கும் பயந்து ரெண்டு பேருக்கும் சாப்பாடு போட்டவன் யாருக்குன்னு பதில் சொல்வான்?

கேள்வி: ஈராக்ல செத்தவங்க ஒன்றரை லட்சம்னு ஒரு ஆய்வு, ஆறரை லட்சம்னு இன்னொண்ணு. ரெண்டும் 2003ல இருந்து 2006 நடுப்பகுதி வரைக்கும்தான். இவ்வளவு வித்தியாசம் வந்தா யாரைத்தான் நம்புறது?

பதில்: கோபம் நியாயமானது, ஆனா எண்ணுறவங்க எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. ரெண்டு ஆய்வும் எண்ணினது ஒரே விஷயம் கூட இல்ல, ஒண்ணு வன்முறையில செத்தவங்களை மட்டும் சொல்லுது, இன்னொண்ணு போர் இல்லைன்னா செத்திருக்க மாட்டாங்கன்னு சொல்லக்கூடிய எல்லா சாவையும் சேர்க்குது. அதைக் கழிச்சாலும் பெரிய வித்தியாசம் இருக்கு, அதுக்குக் காரணம் தேடினா நாம பேசுற விஷயத்துக்கே வந்து நிக்கும்.

சாம்பிள் சர்வே எப்படிப் பண்ணுவாங்கன்னா, நாடு முழுக்க சில இடத்தைக் குலுக்கல்ல எடுத்து, ஒவ்வொரு இடத்துலயும் முப்பது நாப்பது வீட்டுக் கதவைத் தட்டி யாராவது செத்தாங்களான்னு கேட்டு, அதை வெச்சு மொத்த நாட்டுக்கும் கணக்குப் போடுவாங்க. சர்க்கரை வியாதி, ரத்த சோகை மாதிரி எல்லா ஊர்லயும் ஓரளவு பரவியிருக்கிற விஷயத்துக்கு இது அருமையா வேலை செய்யும். ஆனா போர்ச் சாவு அப்படிப் பரவாது, குவியலா விழும். 2004ல ஈராக்ல நடந்த முதல் சர்வேல 33 இடம் எடுத்தாங்க, அதுல ஒரு இடம் ஃபலூஜா நகரம். மொத்தம் சொல்லப்பட்ட வன்முறைச் சாவுல மூணுல ரெண்டு பங்கு அந்த ஒரே இடத்துல இருந்து வந்துச்சு! அதைச் சேர்த்தா கணக்கு எங்கேயோ போயிடும், விட்டா ரொம்ப அடிபட்ட ஊரையே விட்ட மாதிரி ஆயிடும். அவங்க அதை விட்டுட்டுத்தான் 98 ஆயிரம்னு சொன்னாங்க, விட்டுட்டோம்னு வெளிப்படையாவும் எழுதினாங்க, அதுக்காகவே அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு.

நீங்க சொன்ன ஒன்றரை லட்சம் கணக்கு வேற விதம், ரொம்பப் பெரிய சர்வே, ஆயிரத்துக்கும் மேல இடம். ஆனா அதுல நூத்திச் சொச்சம் இடத்துக்கு பாதுகாப்பு இல்லைன்னு போகவே முடியல, அதுல முக்கியமா அன்பார் மாகாணமும் பாக்தாத்தும், அதாவது சாவு அதிகம் நடந்த இடங்கள். அந்த ஓட்டையை வேற கணக்கை வெச்சு நிரப்பினாங்க. பார்த்தீங்களா, எங்க எண்ண வேண்டியது அதிகமோ அங்கதான் எண்ணப் போக முடியாது.

பெருவுல இதுக்கு வேற வழி பண்ணினாங்க. குளத்துல எத்தனை மீன்னு தெரியணும்னா, நூறு மீன் பிடிச்சு வால்ல அடையாளம் போட்டு விட்டுட்டு, மறுநாள் நூறு பிடிச்சுப் பார்ப்பாங்க, அதுல பத்துல அடையாளம் இருந்தா குளத்துல சுமார் ஆயிரம். அதே மாதிரி கமிஷன் தானே ஊர் ஊரா போய் வாங்கின சுமார் 17 ஆயிரம் வாக்குமூலத்தையும், மத்த அமைப்புகள் முன்னாடியே எழுதி வெச்சிருந்த பட்டியல்களையும் பேர் பேரா ஒப்பிட்டாங்க. பேரோட உறுதியா தெரிஞ்சவங்க 23,969. ஒரு பட்டியல்ல இருக்கிற பேர் இன்னொண்ணுல எவ்வளவு குறைவா வருதோ அவ்வளவு பேர் எந்தப் பட்டியல்லயும் வராம போயிருக்காங்கன்னு அர்த்தம், அதை இடவாரியா பிரிச்சுக் கணக்குப் போட்டுத்தான் 69,280 வந்துச்சு. இதையும் சில ஆய்வாளர்கள் ஒத்துக்கல, வாதம் இன்னும் ஓடுது. என்னைக் கேட்டா, இடவாரியா பிரிச்சுக் காட்டாத எந்த எண்ணிக்கையையும் கொஞ்சம் தள்ளி வெச்சே படிங்க.

கேள்வி: ஒரு மாவட்டத்துல சாவு எண்ணிக்கை குறைஞ்சுட்டா அமைதி வந்துடுச்சுன்னு அர்த்தம்தானே?

பதில்: இல்லைங்க, எப்பவும் அப்படி இல்ல. சாவுறதுக்கு அங்க ஆள் இருக்கணுமே. உச்சுராக்காய்ல ஊர் காலியான பிறகு சாவு பூஜ்யம், அதை அமைதின்னு சொல்வீங்களா? அதனால அந்த மாவட்டத்தோட எண்ணிக்கை பக்கத்துலயே இடம்பெயர்ந்தவங்க எண்ணிக்கையையும் வெச்சுப் பாருங்க. குண்டடி பட்டு சாவுறது மட்டும் சாவு இல்லைன்னும் ஞாபகம் வெச்சுக்கோங்க. வடகிழக்கு நைஜீரியாவைப் பத்தி ஐநா வளர்ச்சித் திட்டம் 2021ல சொன்ன மதிப்பீடு, 2020 முடிய சுமார் மூணரை லட்சம் பேர், அதுல நேரடியா ஆயுதத்தால செத்தவங்க பத்துல ஒரு பங்குதான். மீதி எல்லாம் வயல் போயி, ஆஸ்பத்திரி போயி, பசியிலயும் காய்ச்சல்லயும் செத்தவங்க, பெரும்பாலும் அஞ்சு வயசு தாண்டாத குழந்தைங்க.

கேள்வி: என் பையனுக்கு நைஜீரியாவுல லாகோஸ்ல வேலை கிடைச்சிருக்கு. டிவியில அந்த நாட்டுப் பேரைக் கேட்டாலே எனக்குத் தூக்கம் வரல. அனுப்பலாமா தம்பி?

பதில்: அம்மா, உங்க பயம் எனக்குப் புரியுது. முதல்ல வரைபடத்தை எடுத்து லாகோஸையும் போர்னோவோட தலைநகர் மைதுகுரியையும் பாருங்க, ஒண்ணு தென்மேற்குக் கடலோரம், இன்னொண்ணு வடகிழக்கு மூலை, நடுவுல ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. நீங்க டிவியில கேக்குற போக்கோ ஹராம் செய்தி பெரும்பாலும் அந்த மூலையில இருந்து வர்றது. அதுக்காக லாகோஸ்ல ஒண்ணுமே இல்லைன்னு பொய் சொல்லி உங்களைத் தேத்த மாட்டேன், பெரிய நகரம், திருட்டு, வழிப்பறி உண்டு, ஆனா அது வேற மாதிரி ஆபத்து, அதுக்கு வேற மாதிரி ஜாக்கிரதை.

பையன்கிட்ட கேக்க வேண்டியது ரெண்டு விஷயம். வேலை லாகோஸ்ல மட்டுமா, இல்ல சைட்டுக்கு சைட்டு அனுப்புவாங்களா, அனுப்பினா எந்த மாநிலம், அதைப் பேரோட எழுத்துல வாங்கச் சொல்லுங்க. ரெண்டாவது, ஊருக்கு ஊர் போறது எப்படின்னு கேளுங்க, ஏன்னா ஊரை விட ரோடு ஆபத்தா இருக்கிற நாடு அது. தலைநகர் அபுஜாவுல இருந்து கடுனா போற ரோட்டுல ஆள் கடத்தல் ரொம்ப நடந்ததால ஜனங்க ரயிலுக்கு மாறினாங்க, 2022 மார்ச் 28ல அந்த ரயிலையே குண்டு வெச்சு நிறுத்தி ஆளுங்களைக் கடத்திட்டாங்க. அந்த மாதிரி தூரத்துக்குக் கம்பெனி விமானச் செலவு குடுக்குமான்னு கேக்கட்டும், கூச்சப்பட வேண்டாம். இந்த ரெண்டுக்கும் தெளிவா பதில் வந்தா அனுப்புங்கம்மா, மழுப்பினாங்கன்னா அந்த வேலையை விட்டுடச் சொல்லுங்க.