வகிடு அகலமாகிறது, கால் அரிக்கிறது: எண்ணெயை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விடுகிறது. ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை. நல்ல வெந்நீரில் சோப்பு போட்டு, நைலான் நாரால் தேய்த்துக் குளித்தும் குறையவில்லை. வகிடும் அகலமாகிக்கொண்டே போகிறது. மூன்று எண்ணெய் மாற்றிப் பார்த்துவிட்டேன். டை அடித்தால் காதோரமும் நெற்றியும் அரிக்கிறது. வயதானால் இப்படித்தானா, இல்லை ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: செய்ய முடியும். காலில் இருந்து ஆரம்பிப்போம், அதுதான் சீக்கிரம் அடங்கும்.

அந்தக் குளியலால் அரிப்பு குறையாதது மட்டுமில்லை, அதனால்தான் கூடுகிறது. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்குகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் அடுத்த ஐந்து வருடத்திலேயே சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் மந்தமாகின்றன. உடம்பிலேயே அந்தச் சுரப்பிகள் மிகக் குறைவாக உள்ள இடங்களில் ஒன்று முழங்காலுக்குக் கீழே முன்பக்கம். அங்கே இருக்கும் கொஞ்சம் எண்ணெய்ப் பசையையும் வெந்நீரும் சோப்பும் கழுவிக்கொண்டு போகின்றன. நார் மேல்தோலையே உரசி எடுக்கிறது. பசை போன தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வறண்டு, வெடித்து, அரிக்கும். சொறிந்தால் இன்னும் வெடிக்கும்.

நைலான் நாரை இன்றே நிறுத்திவிடுங்கள். வருடக்கணக்கில் தேய்ப்பவர்களுக்கு முதுகிலும் கையிலும் அலை அலையாகக் கறுப்பு படரும். அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள், இன்னும் கறுக்கும். அந்தக் கறுப்பை எடுப்பது தோல் மருத்துவர்களான எங்களுக்கே சிரமம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போதும். காலுக்குத் தினமும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சாதாரண சோப்பு நுரைக்காமல் வெள்ளைப் படலமாகத் தோலில் ஒட்டி அரிக்கும். மருந்துக்கடையில் சின்டெட் பார் (சோப்பு கலக்காத குளியல் கட்டி) என்று கேட்டு வாங்குங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சுரைசர் பூசுங்கள்.

பெரும்பாலானவர்கள் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத்தான் வரும். முழங்காலுக்குக் கீழே ஒரு காலுக்கு மூன்று விரல் அளவு வேண்டும். காலை, இரவு இரண்டு வேளை என்றால் இரண்டு காலுக்கும் ஒரு நாளைக்கு 6 கிராம். 50 கிராம் டியூப் ஒரு மாதம் வந்தால் நீங்கள் பூசவே இல்லை என்று அர்த்தம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லியும் தேங்காய் எண்ணெயும் தாராளமாகப் போதும். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், வறண்ட தோலுக்கு அவை ஒத்துக்கொள்ளாது. 10 சதவீத யூரியா க்ரீம் செதிலை நன்றாக எடுக்கும். ஆனால் சொறிந்து புண்ணான தோலில் பட்டால் எரியும். முதல் வாரம் ஜெல்லி, பிறகு யூரியா.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் சிவந்து நீர் கசிந்தால் அது எக்ஸிமா என்ற தோல் அழற்சியாக இருக்கலாம், மருத்துவர் எழுதித்தரும் மருந்து வேண்டும். கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்கும் க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும்; நீங்களாகப் பூசாதீர்கள். வீட்டில் மற்றவர்களும் ராத்திரி சொறிகிறார்கள் என்றால் சிரங்கா என்று பார்க்க வேண்டும். வறட்சி போன பிறகும் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பு முழுக்க அரித்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் அவசியம்.

இனி முடி. சீப்பில் வருவதும் வகிடு அகலமாவதும் வேறு வேறு விஷயம். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டெங்கு, ஆபரேஷன், பட்டினி டயட் என்று ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால் அது பெரும்பாலும் தானாக நிற்கும். முன்நெற்றி வரம்பு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாவது பெண்களுக்கு வரும் பரம்பரை வகை முடி மெலிதல். வேர்க்கால் சுருங்கி, முடி வளரும் காலம் குறைந்து, ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெல்லிய முடியாக முளைக்கிறது. இதை எந்த எண்ணெயும் நிறுத்தாது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது உடையாமல் காக்கிறது. அதன் வேலை அதுதான், நல்ல வேலைதான். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம்.

முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), டி.எஸ்.ஹெச். (தைராய்டு) மூன்றும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். பிறகு மினாக்ஸிடில், முடி வளரத் தலைத்தோலில் பூசும் மருந்து. இதய நோய், ரத்த அழுத்த மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். 2 சதவீதக் கரைசல் என்றால் 1 மில்லி, காலையும் இரவும். தலைத்தோல் காய்ந்திருக்க வேண்டும். சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்து, முடியில் படாமல் தோலில் விட்டு விரலால் பரப்புங்கள், கையைக் கழுவுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஈரத்தோடு படுத்தால் தலையணை வழியாக முகத்துக்கு வந்து கன்னத்தில் பூனைமுடி வளரும்.

முதல் இரண்டு மாதத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய முடி விலகிப் புதியது வர வழிவிடுகிறது. பயந்து நிறுத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். அது எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். மாதம் ஒரு முறை ஒரே ஜன்னலோர வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள், கண்ணாடி ஏமாற்றும். மருந்தை நிறுத்தினால் சில மாதத்தில் வகிடு பழையபடி ஆகிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

டை விஷயத்தில் தாமதிக்காதீர்கள். காதோரமும் நெற்றி ஓரமும் அரிப்பது டையில் உள்ள பாரா ஃபினைலின் டயமின் என்ற ரசாயனத்தின் ஒவ்வாமைக்கு முதல் அடையாளமாக இருக்கலாம். அடுத்த முறை கண் இமை வீங்கி மூடிக்கொள்ளலாம். கம்பெனியை மாற்றுவதால் பயனில்லை, நிரந்தர டைகளில் பெரும்பாலும் இதுவோ இதன் உறவுப் பொருளோதான் இருக்கிறது. "ஹெர்பல்" என்று போட்டிருந்தாலும் பின்பக்கம் படியுங்கள். சுத்தமான மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும்; ஒரு மணி நேரத்தில் கருகருவென்று ஆனால் அது வெறும் மருதாணி இல்லை. கறுப்புதான் வேண்டும் என்றால் மருதாணி போட்டு அலசிய பிறகு, கலப்பில்லாத அவுரிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதிக நேரம் வைக்காமல் போடுங்கள். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் விட அவசரமானது ஒன்று உண்டு. கண்ணாடி முன்னால் நின்று முன்நெற்றி வரம்பைப் பாருங்கள். வகிடு மட்டும் இல்லாமல் அந்த வரம்பே பின்னால் நகர்ந்து, தோல் வழவழப்பாகி, புருவமும் மெலிந்திருந்தால் அது வேறு நோய். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே அதிகம் வருவது. வேர்க்கால் தழும்பாகிவிடும், போன இடத்தில் முடி திரும்ப முளைக்காது. அப்படி இருந்தால் மினாக்ஸிடில் வாங்கி ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.